பாட்டிலைச் சுற்றி ஒரு வெள்ளைக் கோடு

புனேயில் வேலைக்குச் சேர்ந்த புதிது, 2004. ஒரு ஊறுகாய் கம்பெனியின் வெப்சைட்டுக்கு பாட்டில் படம் போடும் வேலை. போட்டோஷாப்பில் பாட்டிலை வெட்டி எடுத்து, லேபிளைத் தனி லேயரில் ஒட்டி, அடியில் மெல்லிசாக நிழல் வைத்தேன். அழகாத்தான் இருந்தது. பச்சைப் பக்கத்தில் ஏற்றினால் ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு, நிழல் இருந்த இடத்தில் கறுப்புத் திட்டு! கஸ்டமர் முன்னால் மானம் போச்சுங்க.

காரணம், நான் சேமித்தது ஜிஃப். 1987-ல் கம்ப்யூசர்வ் கொண்டுவந்த வடிவம். ஒரு படத்துக்கு 256 நிறம்தான். 1989-ல் பின்னணி தெரிகிற வசதியைச் சேர்த்தார்கள். ஆனால் ஒரு புள்ளி ஒன்று முழுசாகத் தெரியும், இல்லை தெரியவே தெரியாது. நிழலுக்கு வேண்டியதே இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதானே?

1994 டிசம்பரில், ஜிஃபுக்குள் இருக்கும் எல்இசட்டபிள்யூ சுருக்க முறைக்குக் காப்புரிமை வைத்திருந்த யூனிசிஸ், மென்பொருள் செய்பவர்களிடம் ராயல்டி கேட்பதாக அறிவிப்பு வந்தது. எரிச்சலான சிலர் இணையத்திலேயே கூடிப் பேசி உருவாக்கியதுதான் பிஎன்ஜி. 1996-ல் டபிள்யூ3சி ஏற்றுக்கொண்டது. இதில் புள்ளிக்குப் புள்ளி 256 படிகளில் பின்னணியைத் தெரியவிடலாம். யாரோ காசு கேட்கப்போய் நமக்கு நல்ல நிழல் கிடைத்தது :-)

அப்புறம் 2004-ல் நான் ஏன் ஜிஃபைப் பிடித்துத் தொங்கினேன்? இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர் அந்தப் படிகளைச் சரியாகக் காட்டியது 2006-ல், ஏழாம் பதிப்பில்தான். அதுவரை பக்கத்தின் நிறத்தையே பாட்டிலுக்குப் பின்னால் நிரப்பிச் சேமிப்போம். கஸ்டமர் பச்சை வேண்டாம், மஞ்சள் போடுங்க என்றார். முப்பது பாட்டிலையும் மறுபடி செய்து முடிப்பதற்குள் மெஸ்ஸை மூடிவிட்டார்கள்.