அனைத்துத் தரை ஊர்தியில் பழுதறிதல்

அனைத்துத் தரை ஊர்தி என்பது மணல், சேறு, புல்வெளி, பாறை நிலம் முதலிய சாலையற்ற இடங்களில் செல்வதற்காக வடிவமைக்கப்பட்ட, காற்றழுத்தம் குறைந்த அகன்ற சக்கரங்களைக் கொண்ட சிறிய ஊர்தி ஆகும். இது ஏ.டி.வி. என்றும், நான்கு சக்கரங்கள் உடையது குவாட் பைக் என்றும் அழைக்கப்படுகிறது. இவ்வூர்தியில் தோன்றும் மின் பழுதுகளுக்கும் இயந்திரப் பழுதுகளுக்கும் உரிய காரணத்தைச் சோதனைகள் மூலம் படிப்படியாகக் கண்டறிவதே பழுதறிதல் எனப்படுகிறது.

பின்னணி

ஹோண்டா நிறுவனம் 1970 இல் மூன்று சக்கர ஊர்தியை அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1980களின் தொடக்கத்தில் சுசூகியின் நான்கு சக்கர ஊர்தி வெளியானது. மூன்று சக்கர ஊர்திகள் எளிதில் கவிழ்ந்தமையால், அமெரிக்க அரசுடன் 1988 இல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி உற்பத்தியாளர்கள் அவற்றின் புதிய விற்பனையை அங்கு நிறுத்தினர்.

இவ்வூர்திகள் நீரிலும் சேற்றிலும் இடைவிடாத அதிர்விலும் இயங்குகின்றன. எனவே துருவேறிய மின் இணைப்புகள், உராய்ந்து அறுந்த கம்பிகள், அடைபட்ட வடிகட்டிகள் போன்ற சிறு குறைகளே பல பழுதுகளுக்குக் காரணமாகின்றன. சோதிக்காமல் உதிரிப் பாகங்களை மாற்றுவது வீண் செலவாகும்.

பொது நெறி

பெட்ரோல் எஞ்சின் இயங்கக் காற்று, எரிபொருள், போதிய அமுக்கம், உரிய நேரத்தில் தீப்பொறி ஆகிய நான்கும் தேவை. இவற்றுள் எது இல்லை என்று அறிவதே முதற்பணியாகும். எளிய சோதனைகளை முதலில் செய்தல் வேண்டும். எஞ்சினை நிறுத்தும் பொத்தான் அணைந்த நிலையில் இருத்தல், கியர் நடுநிலையில் இல்லாமை, பிரேக் பிடிக்கப்படாமை, ஃபியூஸ் எரிந்திருத்தல் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றே எஞ்சின் துவங்காமைக்குக் காரணமாக இருக்கலாம்.

மின் பழுதுகள்

12 வோல்ட் ஈய அமில பேட்டரியைப் பல்பயன் மின்மானியால் பின்வருமாறு சோதிக்கலாம்:

* ஓய்வு நிலையில் 12.6 வோல்ட் அல்லது சற்று மேல்: முழுமையாக மின்னேறியுள்ளது.
* ஓய்வு நிலையில் 12 வோல்ட்டுக்குக் கீழ்: மின்னேற்றம் தீர்ந்துள்ளது. மின்னேற்றிய பின்னரே பிற சோதனைகளைச் செய்தல் வேண்டும்.
* துவக்க மோட்டார் சுழலும்போது ஏறத்தாழ 9.6 வோல்ட்டுக்குக் கீழ் இறங்குதல்: மின்னேற்றம் போதாது அல்லது பேட்டரி வலுவிழந்துள்ளது.
* எஞ்சின் மிதமான வேகத்தில் ஓடும்போது ஏறத்தாழ 13.5 முதல் 14.5 வோல்ட் வரை: மின்னேற்ற அமைப்பு நன்றாக உள்ளது.

பேட்டரி நன்றாக இருந்தும் 'டக்' என்ற ஒலி மட்டும் கேட்டு மோட்டார் சுழலாவிடில், பேட்டரியின் எதிர்முனைக்கும் எஞ்சினின் உலோக உடலுக்கும் இடையே மின்மானியை இணைத்துத் துவக்கப் பொத்தானை அழுத்துதல் வேண்டும். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், தரை இணைப்பில் துருவோ தளர்வோ உள்ளது. பேட்டரியை மாற்றிய பின்னும் இப்பழுது நீங்காது. இணைப்பைச் சுத்தம் செய்து இறுக்கினால் நீங்கும்.

ஓடும்போது மின்னழுத்தம் உயராவிடில் ஸ்டேட்டர் சுருளையோ ரெகுலேட்டர் ரெக்டிஃபையரையோ ஐயுறலாம். மும்முனை ஸ்டேட்டரில், எஞ்சின் ஓடும்போது எந்த இரு கம்பிகளுக்கு இடையிலும் ஏறத்தாழ ஒரே அளவு மாறுதிசை மின்னழுத்தம் இருத்தல் வேண்டும்.

இயந்திரப் பழுதுகள்

பலமுறை துவக்க முயன்ற பின் ஸ்பார்க் பிளக் நனைந்திருந்தால், எரிபொருள் வருகிறது. தீப்பொறி இல்லை அல்லது எரிபொருள் மிகுந்துள்ளது. உலர்ந்திருந்தால் எரிபொருள் வரவில்லை எனக் கருதலாம். நெடுநாள் நிறுத்தி வைக்கப்பட்ட ஊர்தியில், பழைய பெட்ரோலின் பசை காபுரேட்டரின் நுண்துளைகளை அடைத்திருக்கக்கூடும்.

பெல்ட்டால் இயங்கும் தானியங்கிப் பல்லிணை உடைய ஊர்திகளில், எஞ்சின் இரைந்தும் ஊர்தி நகராமல் இருப்பதும், எரிந்த ரப்பர் வாடை வீசுவதும் பெல்ட் வழுக்குவதைக் காட்டுகின்றன. நீரில் சென்ற பின் இவ்வாறு நேர்ந்தால், பெல்ட் உறையின் அடியிலுள்ள வடிகால் அடைப்பானைத் திறந்து நீரை வெளியேற்றுதல் வேண்டும்.

சக்கரத்தைத் தரையிலிருந்து உயர்த்தி, மேலும் கீழும் பிடித்து அசைக்கும்போது ஆட்டம் இருந்தால், பேரிங் அல்லது பந்து மூட்டு தேய்ந்துள்ளது. திருப்பத்தில் 'கடகட' ஒலி எழுந்தால் அச்சு மூட்டையும் அதன் ரப்பர் உறையையும் பார்த்தல் வேண்டும்.

நீர் புகுந்த எஞ்சின்

ஆழமான நீரில் எஞ்சின் நின்றுவிட்டால் அதனை மீண்டும் துவக்குதல் கூடாது. நீர் அமுங்காது, ஆதலால் சிலிண்டரினுள் புகுந்த நீர் இணைப்புத் தண்டை வளைத்துவிடக்கூடும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி நீரை வெளியேற்றிய பின், எண்ணெயைச் சோதித்தல் வேண்டும். எண்ணெய் பால் போல வெளுத்திருந்தால் அதில் நீர் கலந்துள்ளது. அதனை மாற்றாமல் ஓட்டுதல் கூடாது.

பாதுகாப்பு

மூடிய அறையில் எஞ்சினை இயக்கினால் நிறமும் மணமும் அற்ற நச்சு வாயுவான கார்பன் மோனாக்சைடு சேர்ந்து உயிரைப் பறிக்கும். தீப்பொறிச் சோதனையைச் சிந்திய பெட்ரோலுக்கு அருகில் செய்தல் கூடாது. நடுநிலை, பிரேக் ஆகியவற்றின் பாதுகாப்பு மின்சாவிகளைத் தற்காலிகமாகவேனும் குறுக்கிணைப்பது ஆபத்தானது. கியரில் உள்ள ஊர்தி துவக்கியவுடன் பாய்ந்து அருகில் நிற்பவரை மோதக்கூடும்.

இவற்றையும் பார்க்கவும்

* உள்ளெரி எஞ்சின்
* ஈய அமில மின்கலம்
* பல்பயன் மின்மானி