கோலார் தங்கவயல்: உயில், பத்திரங்கள் வழி வம்சாவளித் தேடல்

தங்கவயலில் குடியேறிய குடும்பங்களின் பூர்வீகத்தை ஆங்கிலேயர் காலத்து உயில்கள், நிலப்பத்திரங்கள் கொண்டு அறியும் முயற்சி. தேடுபவர் முதலில் மோதும் சுவர், பெரும்பாலான குடும்பங்களுக்குத் தங்கவயலில் பத்திரமே கிடையாது என்பது. 1880இல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் நிறுவனம் பொறுப்பேற்றபின் விரிந்த சுரங்கங்கள் மைசூர் அரசு குத்தகைக்கு விட்ட நிலத்தில் இருந்தன. வடஆற்காடு, சேலம், சித்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த தொழிலாளர் குடியிருந்த ‘லைன்கள்’ எனப்பட்ட வரிசை வீடுகளும் கம்பெனி நிலமே. விற்கவோ பிள்ளைகளுக்கு எழுதிவைக்கவோ அவர்களிடம் எதுவும் இல்லை.

ஆகவே தேடல் சொந்த ஊர்ப் பதிவாளர் அலுவலகத்துக்குத்தான் போக வேண்டும். அக்காலக் கிரயப் பத்திரம் ஒன்று கிடைத்தால் அது பெரும் புதையல்: இன்னார் குமாரர், சாதி, தொழில், இருப்பிடம் எல்லாம் முதல் வரிகளிலேயே வரும். நான்கெல்லை சொல்லுமிடத்தில் பங்காளிகளின் பெயரும் அகப்படும். ஆனால் 1882 சொத்து மாற்றச் சட்டப்படி நூறு ரூபாய்க்குக் குறைந்த நிலத்தைப் பதிவின்றி, அனுபவத்தை ஒப்படைத்தே விற்கலாம். ஏழைகளின் துண்டு நிலங்கள் பல காகிதத்தில் ஏறாமல் போக இதுவே வழி. தங்கவயலுக்கு வந்தோரில் பெரும்பகுதியினர் ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்த நிலமற்றோர் என்பதால் அந்தத் துண்டும் பலருக்கு இல்லை.

உயிலுக்குத் தனி ஏடு உண்டு. 1908 பதிவுச் சட்டப்படி உயில்கள் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். எழுதியவர் இறந்தபின் யார் விண்ணப்பித்தாலும் நகல் பெறலாம். உயிலைப் பதிந்தே ஆகவேண்டும் என்ற கட்டாயமில்லை. எனவே ஏட்டில் இல்லாததை வைத்து உயிலே இல்லை என்று முடிவுகட்டக் கூடாது.

கம்பெனிப் பதிவேடுகள் இக்குறையை ஓரளவு நிரப்பியிருக்கலாம். ஆனால் அத்தகைய பதிவைத் தொழிலாளரே எதிர்த்தனர்: 1930இல் கைரேகைப் பதிவுத் திட்டத்தைக் கம்பெனிகள் கொண்டுவந்தபோது, குற்றவாளிகளைப் போல நடத்துகிறார்கள் என்று வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அவர்கள் கோபம் நியாயமானது. வம்சாவளி தேடுபவரின் வசதிக்காக அந்தத் திட்டம் வகுக்கப்படவுமில்லை.

இங்கிலாந்தின் கார்ன்வாலிலிருந்து தங்கவயலுக்கு வந்த சுரங்கத்தாரின் வழித்தோன்றல்களுக்குப் பாதை எளிது. 1858 முதல் இங்கிலாந்தில் ஆண்டுதோறும் அச்சான உயில் மெய்ப்பிப்புப் பட்டியல், அங்கே சொத்து விட்டுப்போனவர் இறந்த இடம், நாள், சொத்து மதிப்பு, நிறைவேற்றுபவர் பெயர் ஆகியவற்றைத் தருகிறது. நிறைவேற்றுபவர் பல சமயம் மனைவியாகவே இருப்பார். ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளை லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் பார்க்கலாம். மைசூர் தனிச் சமஸ்தானமானாலும் அவற்றைச் சென்னை மாகாணத் தொகுதியில்தான் தேட வேண்டும்.