ஒரே இரத்தம், ஒரே எண்

ஆய்வக மருத்துவத்தின் கடமையை ஒரு வரியில் சொல்லிவிடலாம்: ஒருவருடைய இரத்தத்தை எந்த ஊரில் சோதித்தாலும் விடை ஒன்றாக இருக்க வேண்டும். சொல்வது எளிது, செய்வது அரிது. சிங்கப்பூரில் வேலை பார்க்கும் ஒருவருக்கு அங்கே கிரியேட்டினின் லிட்டருக்கு 124 மைக்ரோமோல் என்று வருகிறது என்று வைத்துக்கொள்வோம். விடுமுறைக்குத் திருச்சி வந்து மறுபடி பார்க்கிறார், டெசிலிட்டருக்கு 1.4 மில்லிகிராம் என்று ரிப்போர்ட் சொல்கிறது. முதல் எண்ணை 88.4 ஆல் வகுத்தால் இரண்டாவது எண் கிடைத்துவிடும். அலகுதான் வேறு, அளவு ஒன்றே. ஆனால் திருச்சியில் 1.7 என்று வந்திருந்தால்? சிறுநீரகம் பழுதுபட்டிருக்கலாம். அல்லது, ஓர் ஆய்வகம் நொதி முறையிலும் மற்றது 1886 முதல் வழக்கில் உள்ள யாஃபே முறையிலும் அளந்திருக்கலாம். யாஃபே முறையில் கிரியேட்டினின் மட்டுமல்லாமல் கீட்டோன் போன்ற பிற பொருள்களும் நிறம் தந்து எண்ணை உயர்த்திவிடும். காகிதத்தில் உள்ள எண்ணை மட்டும் பார்க்கும் மருத்துவருக்கு இந்த வேறுபாடு தெரிய வழியில்லை.

தனி ஓர் ஆய்வகம் எவ்வளவு முயன்றாலும் இந்தச் சிக்கலைத் தானே தீர்த்துக்கொள்ள முடியாது. அன்றாடம் காலையில் கன்ட்ரோல் சீரம் என்னும் சரிபார்ப்பு மாதிரியை ஓட்டி, புள்ளிகளை வரைபடத்தில் குறித்து, நேற்றைக்கும் இன்றைக்கும் மாற்றமில்லை என்று அது உறுதி செய்யலாம். எல்லா நாளும் ஒரே அளவு தவறாக அளந்து வந்தாலும் அந்த வரைபடம் அழகாகத்தான் இருக்கும். தவறு தெரிய வேண்டுமானால் பக்கத்து ஊர் ஆய்வகத்தின் எண்ணோடு ஒப்பிட வேண்டும். ஆகவே இத்துறையில் கூடிப் பேசுவது தொழிலின் அலங்காரம் அன்று; தொழிலின் ஒரு பகுதி.

இதை உலகம் உணர்ந்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் பெல்க், சண்டர்மன் என்ற இரு மருத்துவர்கள் பல மருத்துவமனை ஆய்வகங்களுக்கு ஒரே மாதிரியான கரைசல்களை அனுப்பி விடை கேட்டார்கள். 1947 இல் அவர்கள் வெளியிட்ட முடிவுகள் அதிர்ச்சி தந்தன. குளுக்கோஸ், யூரியா போன்ற எளிய சோதனைகளில்கூட, ஏற்க முடியாத விடைகள் ஏராளமாக வந்திருந்தன. 1950 இல் லெவி, ஜென்னிங்ஸ் இருவரும் தொழிற்சாலைகளில் இருந்த கட்டுப்பாட்டு வரைபடத்தை ஆய்வகத்துக்குக் கொண்டுவந்தார்கள். 1981 இல் வெஸ்ட்கார்ட் அதற்கு விதிகள் வகுத்தார். இவை உள்தரத்தைக் காக்கும் கருவிகள். பெல்க்கும் சண்டர்மனும் தொடங்கிவைத்ததோ வெளித்தர மதிப்பீடு. இரண்டும் சேர்ந்தால்தான் ஆய்வகத்தின் எண்ணை நம்பலாம்.

தொழில்முறைக் கூட்டமைப்புகளும் அதே காலத்தில்தான் உருவாயின. 1952 இல் பாரிஸில் நடந்த பன்னாட்டு உயிர்வேதியியல் மாநாட்டின்போது இன்று ஐ.எஃப்.சி.சி. எனப்படும் பன்னாட்டு மருத்துவ வேதியியல் கூட்டமைப்பு பிறந்தது. ஆசிய-பசிபிக் பகுதியின் முதல் மாநாடு 1979 இல் சிங்கப்பூரில் கூடியது. அதைத் தொடர்ந்து 1982 இல் ஏ.பி.எஃப்.சி.பி. என்னும் ஆசிய-பசிபிக் மருத்துவ உயிர்வேதியியல் கூட்டமைப்பு அமைந்தது. அதன் மாநாடு 2002 இல் புது தில்லியிலும் 2019 இல் ஜெய்ப்பூரிலும் நடந்தது. ஐரோப்பாவில் தனித்தனியாக இருந்த இரு அமைப்புகள் 2007 இல் ஒன்றாயின. மாநாடு, சங்கம், இதழ், பொதுத் திட்டம் என்று ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ ஒரே வழியில்தான் வளர்ந்திருக்கிறது.

இவற்றில் நாம் ஊன்றிப் படிக்க வேண்டியது நார்டிக் நாடுகளின் அனுபவம். டென்மார்க், பின்லாந்து, ஐஸ்லாந்து, நார்வே, சுவீடன் ஆகிய ஐந்தும் சிறிய நாடுகள். ஆரோக்கியமான ஆயிரக்கணக்கானோரைத் திரட்டி, நாம் ‘நார்மல் வேல்யூ’ என்று சொல்லும் இயல்பு வரம்பை வகுப்பது தனி ஆய்வகம் ஒன்றுக்கு மலைப்பான செலவு. அதனால் 102 ஆய்வகங்கள் சுமையைப் பங்கிட்டுக்கொண்டன. ஒவ்வொன்றும் குறைந்தது 25 பேர் என்ற கணக்கில் மாதிரி சேகரித்தது. எல்லா ஆய்வகங்களும் தத்தம் கருவியில் அளந்தன. கூடவே, மதிப்பு முன்பே உறுதிசெய்யப்பட்ட ஒரு பொதுச் சீரத்தையும் அளந்தன. அந்தச் சீரத்தில் எந்த ஆய்வகம் எவ்வளவு விலகியது என்பதைக் கொண்டு எண்களைச் சீர்ப்படுத்த முடிந்தது. 25 சோதனைகளுக்கான பொது இயல்பு வரம்புகள் 2004 இல் வெளியாயின. மீந்த மாதிரிகள் வருங்கால ஆய்வுகளுக்காக உயிரி வங்கியில் வைக்கப்பட்டன. பெரிய நிதியோ புதிய கருவியோ இதற்கு முதற்காரணம் அன்று. பல ஆண்டுகளாக ஒருவரையொருவர் அறிந்த ஆய்வக வல்லுநர்கள் ஒரே செய்முறைக்குக் கட்டுப்படச் சம்மதித்தார்கள், வேலை நடந்தது.

ஒத்துப்போவதற்கு அடிப்படை ஒரு பொது அளவு. நம் முன்னோர் இதை அறிந்திருந்தார்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகள் நெல்லை ‘ஆடவல்லான்’ என்னும் மரக்காலால் அளக்கச் சொல்லும்போதே, அது ‘ராஜகேசரி’ மரக்காலுக்குச் சமம் என்பதையும் பதிந்து வைத்திருக்கின்றன. கோயிலின் அளவு அரசின் அளவோடு கட்டப்பட்டிருந்தது. இன்று ஆய்வகக் கருவியின் அளவுத்திருத்தியை உயர்நிலை ஒப்பீட்டுப் பொருளோடும், அதை ஒப்பீட்டு முறையோடும் சங்கிலியாகக் கட்டுவதும் இதே வேலைதான். இந்தச் சங்கிலிகளைச் சரிபார்த்துப் பட்டியலிட, பன்னாட்டு எடை-அளவு அமைப்பும் ஐ.எஃப்.சி.சி.யும் ஆய்வக அங்கீகார அமைப்பும் சேர்ந்து 2002 இல் ஒரு கூட்டுக் குழுவை அமைத்தன.

பேசி ஒப்பாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு, மக்கள் ‘மூன்று மாதச் சர்க்கரை’ என்று சொல்லும் ஹெச்.பி.ஏ.1சி சோதனையின் கதையே போதும். இதன் அளவைக் கட்டுக்குள் வைத்தால் கண், சிறுநீரகம், நரம்புப் பாதிப்புகள் குறையும் என்று 1993 இல் வெளியான அமெரிக்கப் பேராய்வு காட்டியது. ஆனால் ஒவ்வொரு கருவியும் ஒவ்வோர் எண் தந்ததால், அந்த ஆய்வின் இலக்கை எந்தக் கருவியின் எண்ணில் படிப்பது என்று மருத்துவர்கள் திணறினார்கள். 1996 இல் அமெரிக்கா எல்லா முறைகளையும் அந்த ஆய்வின் அளவோடு பொருத்தும் திட்டத்தைத் தொடங்கியது. ஜப்பான் தனக்கென ஓர் அளவு வைத்திருந்தது. அது அமெரிக்க அளவைவிட ஏறத்தாழ 0.4 புள்ளி குறைவு. மற்ற நாடுகளில் 6.5 சதவீதம் நீரிழிவின் எல்லை என்றால், ஜப்பானில் அதே இரத்தம் 6.1 என்று காட்டும். 2012 ஏப்ரலில்தான் ஜப்பானிய மருத்துவமனைகள் பன்னாட்டு அளவுக்கு மாறின. இதற்கிடையே ஐ.எஃப்.சி.சி. வேதியியல்படி துல்லியமான ஒப்பீட்டு முறையை உருவாக்கியது. அதன் சதவீத எண்கள் பழகிய எண்களைவிடக் குறைவாக வந்ததால், நோயாளிகள் குழம்பாமல் இருக்க அலகையே மாற்றி, மோலுக்கு இத்தனை மில்லிமோல் என்றார்கள். 6.5 சதவீதம் அங்கே 48. இரு அளவையும் ஒரே சூத்திரத்தால் இணைத்து, உலகமெங்கும் இப்படியே அறிக்கை தரலாம் என்று நீரிழிவு அமைப்புகளும் ஐ.எஃப்.சி.சி.யும் 2007 இல் உடன்பட்டன. அந்த உடன்பாட்டைக் கண்டது எந்தக் கருவியும் அன்று. ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்த மனிதர்கள்.

தெற்காசியாவில் நம் கையில் இருப்பது குறைவன்று. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் மருத்துவ உயிர்வேதியியல் துறை, இந்திய மருத்துவ உயிர்வேதியியலாளர் சங்கத்தோடு சேர்ந்து வெளித்தர மதிப்பீட்டுத் திட்டத்தை நெடுங்காலமாக நடத்திவருகிறது. சிறு நகரத்து ஆய்வகமும் தன் விடை குழுவின் சராசரியிலிருந்து எத்தனை திட்ட விலக்கம் தள்ளியிருக்கிறது என்று இத்தகைய திட்டத்தால் அறியலாம்: 2க்குள் இருந்தால் நிம்மதி, 3ஐத் தாண்டினால் காரணம் தேட வேண்டும். 1956 இல் மெட்ராஸில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம் இன்று சென்னையில் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக, உலக சுகாதார நிறுவனத்தின் நாடு கடந்த ஒப்பீட்டு ஆய்வகங்களில் ஒன்றாகச் செயல்படுகிறது. சார்க் அமைப்பின் காசநோய் மையம் 1992 முதல் நேபாளத்தில் இயங்குகிறது. 2014 காத்மாண்டுக் கூட்டத்துக்குப் பிறகு சார்க் உச்சி மாநாடு நடக்கவில்லை. ஆனால் சளி மாதிரியும் சீரமும் உச்சி மாநாட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. அரசுகள் பேசாத காலத்திலும் தொழில்முறைச் சங்கங்கள் பேச முடியும்.

நமக்கே உரிய கேள்விகளும் உண்டு. வங்கத்திலும் வடகிழக்கு இந்தியாவிலும் ஹீமோகுளோபின் ஈ பரவலாக உள்ளது. தாலசீமியாவைச் சுமப்போர் தெற்காசியா முழுவதும் இருக்கிறார்கள். இந்த ஹீமோகுளோபின் மாறுபாடுகள் சில கருவிகளில் ஹெச்.பி.ஏ.1சி எண்ணைத் திரித்துவிடும். இரும்புச்சத்துக் குறைவு இருந்தாலும் அந்த எண் பொய்யாக உயரக்கூடும். நம் பெண்களில் எத்தனை பேருக்கு இரத்தசோகை என்று யோசித்தால் இதன் கனம் புரியும். ஆனாலும் நம் ஆய்வகங்கள் பல, கருவி நிறுவனம் கொடுத்த கையேட்டில் உள்ள இயல்பு வரம்பையே ரிப்போர்ட்டில் அச்சிடுகின்றன. அந்த வரம்பு பெரும்பாலும் வேறொரு மக்கள்கூட்டத்தை வைத்து வகுக்கப்பட்டது. கிழக்காசிய, தென்கிழக்காசிய நாடுகள் 2009 இல் இயல்பு வரம்புக்காகக் கூட்டாய்வில் இறங்கின. அந்த அளவுக்கு ஒருங்கிணைந்த முயற்சி நம் பகுதியிலும் வேண்டும்.

இனி மாநாடுகளைப் பற்றி ஒரு வார்த்தை. தொடக்கவிழா, பொன்னாடை, கருவி நிறுவனங்களின் அரங்குகள், மதிய விருந்து ஆகியவற்றைக் குறை சொல்ல வேண்டியதில்லை; நிறுவனங்களின் உதவியின்றி இவ்வளவு பெரிய கூட்டம் கூடாது. ஆனால் அரங்கின் வெளிச்சத்தில் உண்மையான வேலை பின்னுக்குப் போய்விடக் கூடாது. மாநாட்டுக்குப் பேராசிரியர்களும் துறைத் தலைவர்களும் வருகிறார்கள். காலை 6 மணிக்குக் கன்ட்ரோல் ஓட்டும் டெக்னீஷியன் வருவது அரிது. தரத்தைக் காப்பவர் அவர்தான். அவர் இல்லாத அவையில் எடுக்கும் தீர்மானம் ஆய்வகத்துக்குள் நுழையாது.

எனவே தெற்காசியச் சங்கங்களுக்கு நான்கு வேண்டுகோள்கள். ஒன்று, ஒவ்வொரு மண்டல மாநாட்டுக்கும் முன்பாக, பங்கேற்கும் ஆய்வகங்களுக்கு ஒரே சீரத்தை அனுப்பி, முடிவுகளைப் பெயர் வெளியிடாமல் மாநாட்டில் விவாதிக்க வேண்டும். இரண்டு, கிரியேட்டினின், ஹெச்.பி.ஏ.1சி, ஹீமோகுளோபின் ஆகிய மூன்றில் தொடங்கி, நார்டிக் நாடுகள் செய்ததுபோல் பொது இயல்பு வரம்பை நாமே வகுக்க வேண்டும். மூன்று, இரு அலகுகளையும், அளந்த முறையின் பெயரையும் ரிப்போர்ட்டிலேயே அச்சிடும் வழக்கம் வர வேண்டும். இதற்குச் செலவே இல்லை. நான்கு, பதிவுக் கட்டணத்தில் ஒரு பங்கை ஒதுக்கி, சிறு நகர டெக்னீஷியன்களுக்கு இடம் தர வேண்டும். அடுத்த மாநாட்டின் வெற்றியை வந்தவர்களின் எண்ணிக்கையால் அளக்க வேண்டாம். முந்தைய மாநாட்டில் விலகி நின்ற எண்கள் அதற்குள் எவ்வளவு நெருங்கி வந்திருக்கின்றன என்பதால் அளப்போம்.