தோட்டத்தை இரண்டு விதமாக எழுதலாம்

பதுளைப் பக்கத்து லயங்களில் பழைய கடதாசி எல்லாம் டிரங்குப் பெட்டிக்குள்தான். பிறப்புச் சான்று, செக்ரோல் துண்டு, பிரஜாவுரிமைக் கடிதம். போனில் படம் பிடித்துச் சேர்க்கத் தொடங்கினபோது, பைலுக்குப் பேர் வைக்கிறதும் ஒரு வேலை என்று நாங்கள் நினைக்கவேயில்லை.

முதல் அடி '18/1948'. எங்கள் பாட்டன் பாட்டிமாரை நாடற்றவர்களாக்கின பிரஜாவுரிமைச் சட்டத்தின் இலக்கமும் ஆண்டும் அது. சாய்கோட்டை விண்டோஸ் ஏற்காது. லினக்ஸிலோ அது கோப்புறையைப் பிரிக்கிற குறி. : * ? " < > | என்பவற்றையும் விண்டோஸ் தள்ளிவிடும்.

அடுத்தது பாமினி. பைல் பேருக்கு எழுத்துரு கிடையாது. பாமினியில் தட்டின தமிழ் அங்கே ஆங்கில எழுத்துகளாகத்தான் தெரியும். அதில் 'ஈ' இருப்பது '<' விசையில். ஆகவே 'ஈ' வருகிற பேரையே விண்டோஸ் மறுத்துவிடும்.

ஒருங்குறிக்கு வந்தால் தீரும் என்று நினைத்தோம். ஆனால் 'தோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், 'ே', 'ா' என இரண்டாகவும் எழுதலாம். ஒருங்குறி இரண்டும் சமம் என்கிறது. மாக் கணினிகளில் 1998இல் வந்த எச்.எப்.எஸ். பிளஸ் முறை அதை இரண்டாக உடைத்து வைக்கும். லினக்ஸோ உடைத்ததையும் உடைக்காததையும் வேறு வேறு பேராக எடுக்கும். கண்ணுக்கு ஒரே 'தோட்டம்', தேடினால் அகப்படாது. 'கொஸ்லாந்தை'க்கும் இதே கதிதான்.

இது எங்களுக்குப் புதிய கதையா? 1949இன் 3ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பிரஜாவுரிமை கேட்டவர்கள், மணமானவர் என்றால் 7 வருடமும் மணமாகாதவர் என்றால் 10 வருடமும் இங்கே தொடர்ந்து வசித்ததைக் காட்ட வேண்டியிருந்தது. கையில் கடதாசி வேண்டும், அதில் பேரும் பொருந்த வேண்டும். பிறப்புச் சான்றில் ஒரு பேர், செக்ரோலில் இன்னொரு பேர் என்ற பேச்சு எங்கள் வீடுகளில் இன்றைக்கும் உண்டு.

2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்களை மூடியது. அதன் பிறகு கடதாசி பெட்டிக்குள் இருந்தால் போதும் என்று யாராலும் சொல்ல முடியாது.

நூலகம் எண்ணிமத் தளம் ஒவ்வொரு ஆவணத்துக்கும் ஒரு எண் கொடுக்கிறது. நாங்களும் அப்படியே செய்கிறோம். பைலின் பேரில் எண்ணும் திகதியும் மட்டும், நடுவில் சிறுகோடு: 0042-1951-03-12. ஆளின் பேர், தோட்டம், டிவிசன் எல்லாம் தனி அட்டவணையில், கடதாசியில் உள்ள எழுத்துப்படியே. பிழையாக எழுதியிருந்தாலும் திருத்துவதில்லை. அந்தப் பிழையும் வரலாறுதானே.