பழைய பாய்மரப் படகு வாங்கப் போறீங்களா? பெயின்ட்டை விடுங்க... முதல்ல தண்ணீர் ஊத்திப் பாருங்க!

சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன், வேலூரில் பிறந்த விஷ்ணு சரவணன் இருவரும் டோக்கியோ, பாரிஸ் ஒலிம்பிக்கில் ஓட்டியது ஒரே வகைப் படகுதான். ஒருவர் மட்டும் ஓட்டும், ஒரே ஒரு பாய் கொண்ட சிறிய ஃபைபர் படகு. 'டிங்கி' என்பார்கள். கலம், வங்கம், நாவாய், அம்பி, திமில் என்று படகுக்கு இத்தனை பெயர் வைத்த தமிழில் இதற்கு மட்டும் தனிப்பெயர் இன்னும் அமையவில்லை.

1971-ல் 'லேசர்' என்ற பெயரில் வந்த இந்தப் படகு, 2019 முதல் 'இல்கா' ஆனது. உலகம் முழுக்க 2 லட்சத்துக்கும் அதிகமாகத் தயாரிக்கப்பட்டுள்ளதால் பழைய படகுகள் கைமாறிக்கொண்டே இருக்கும். புதுசு வாங்க முடியாதவர்கள் இதைத்தான் தேடுவார்கள். ஆனால், பளபளவென்று பெயின்ட் அடித்த ஒரு படகுக்குள் ஒரு குடம் தண்ணீர் தேங்கி நிற்கலாம். வெளியே தெரியாது, நடுக்கடலில்தான் தெரியும்.

படகு ஏன் தண்ணீர் குடிக்கிறது?

இல்கா படகின் பாய்மரத்தைப் பக்கவாட்டில் இழுத்துப் பிடிக்கக் கம்பிகள் கிடையாது. மேல்தளத்தில் இருந்து அடிப்பகுதி வரை இறங்கும் ஒரு குழாய்க்குள் மரத்தைச் செருகி நிறுத்துவார்கள், அவ்வளவுதான். காற்றின் மொத்த அழுத்தமும் அந்தக் குழாய் மேல்தான் விழும். கடற்கரை மணல் உள்ளே போனால், மரம் சுழலச் சுழல மணல் உப்புத்தாள் போல அடியைத் தேய்த்து ஓட்டை போட்டுவிடும். குழாயைச் சுற்றியுள்ள ஒட்டும் விட்டுப்போகும். பலத்த காற்றில் மரம் தளத்தைப் பிய்த்துக்கொண்டு வெளியே வருவது இப்படித்தான்.

எனவே விலை பேசும் முன் அந்தக் குழாயை மணல் இல்லாமல் கழுவி, வாய் வரை தண்ணீர் ஊற்றுங்கள். அரை மணி நேரம் கழித்து மட்டம் இறங்கியிருந்தால் கசிவு இருக்கிறது. பிறகு மரத்தின் கீழ்ப்பாதியைச் செருகி முன்னும் பின்னும் ஆட்டுங்கள். சுற்றியுள்ள தளமும் சேர்ந்து அசைந்தால் ஒட்டு போய்விட்டது. விற்பவர் 'ஒண்ணும் ஆகாது சார்' என்றாலும் இந்த ரெண்டையும் விடாதீங்க.

அடுத்து எடை. மரம், பாய் எதுவும் இல்லாத வெற்றுப் படகு சுமார் 59 கிலோ இருக்கும். தராசில் தொங்கவிடும்போது 65, 70 காட்டினால் உள்ளே தண்ணீர் இருக்கிறது, அல்லது யாரோ ஃபைபரை அடுக்கி அடுக்கி ஒட்டியிருக்கிறார்கள். தளத்தை நாணயத்தால் தட்டிக்கொண்டே வாருங்கள். 'டக் டக்' சத்தம் ஓரிடத்தில் 'தொப்' என்று மாறினால், அங்கே ஃபைபருக்கும் உள்ளே உள்ள ஃபோமுக்கும் இடையே பிடிப்பு விட்டிருக்கும். காலால் மிதித்தால் அமுங்கும். அந்த இடம் கையளவு என்றால் சரிசெய்யலாம். தளம் முழுக்க என்றால் விட்டுவிடுவதே லாபம்.

எப்படிச் சரிசெய்வது?

மரக் குழாய்க்குப் பக்கத்தில் தளத்தில் வட்டமாக ஒரு துளை வெட்டி, திருகு மூடி போடுவார்கள். போட்டி விதிகளும் இதை அனுமதிக்கின்றன. அந்த வழியாகக் கையை விட்டுப் பார்த்தால் மிதப்புக்காக வைத்திருக்கும் ஃபோம் கட்டிகளோ, காற்றடைத்த பிளாஸ்டிக் பைகளோ தெரியும். பைகள் சுருங்கியிருந்தால் கண்டிப்பாக மாற்ற வேண்டும். படகுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் அதைத் தாங்கிப் பிடிப்பது அவைதான்.

உள்ளே ஃபேன் காற்றைச் செலுத்திப் பல நாட்கள் காயவிடுங்கள். அவசரப்பட்டு ஈரத்தின் மேல் ஒட்டினால் மறுபடி பிரியும். காய்ந்ததும் உப்புத்தாள் தேய்த்து, அசிட்டோன் துடைத்து, எபாக்ஸியும் கண்ணாடி இழைத் துணியும் வைத்து ஒட்டலாம். நம்ம ஊர் வெயிலில் ரெசின் சீக்கிரம் இறுகும் என்பதால் காலையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்குங்கள். ஃபைபர் தூசி நுரையீரலுக்கு ஆகாது. மாஸ்க், கண்ணாடி, கையுறை கட்டாயம்.

மீன்பிடி ஃபைபர் போட் பழுதுபார்க்கும் கைகாரர்கள் கடற்கரை ஊர்களில் இருக்கிறார்கள். தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் அவர்கள் உறுதிக்காகத் தடிமனாக ஒட்டிப் பழகியவர்கள். 'எடை கூடக் கூடாது அண்ணே' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஓட்டுபவர் இருக்கும் குழிவின் முன்சுவரில் ஒரு சின்னத் துளை இருக்கும். ஓட்டை என்று நினைத்துப் பலர் அதையும் அடைத்துவிடுகிறார்கள். அது படகு மூச்சுவிடும் வழி! அடைத்தால், வெயிலில் உள்ளே காற்று விரிந்து ஒட்டுகளைப் பிளக்கும்.

பாயும் மரமும்

இல்கா 7, 6, 4 மூன்றுக்கும் அடிப்படகு ஒன்றே. பாயும் மரத்தின் கீழ்ப்பாதியும்தான் மாறும். பாயின் பரப்பு முறையே 7.06, 5.76, 4.7 சதுர மீட்டர். எடை குறைந்தவர்கள் சின்னப் பாய் வாங்கினால் போதும், படகை மாற்ற வேண்டாம்.

மரத்தின் மேல்பாதியில் ரிவெட் அடித்த இடத்தைப் பாருங்கள். உப்புநீரில் அலுமினியம் அரித்து வெள்ளைப் பொடி பூத்திருந்தால், முறியப்போவது அங்கேதான். படகு கவிழ்ந்தால் மரம் நழுவி விழாதபடி ஒரு கயிறும், சுக்கான் கழன்று போகாதபடி ஒரு கிளிப்பும் இருக்க வேண்டும். டிங்கி கவிழ்வது சகஜம். சுக்கான் இல்லாமல் கரை சேர்வதுதான் கஷ்டம். லைஃப் ஜாக்கெட் இல்லாமல் இறங்கவே கூடாது.

இன்னொன்று: மரத்தை நிறுத்தும் முன் அண்ணாந்து பாருங்கள். மின்கம்பிக்குப் பக்கத்தில் அலுமினிய மரத்தை நிமிர்த்தினால் உயிருக்கே ஆபத்து.

வீட்டுக்கு எப்படிக் கொண்டுவருவது?

படகின் நீளம் சுமார் 4.2 மீட்டர், அதாவது கிட்டத்தட்ட 14 அடி. குட்டி யானையில் பாதி வெளியே நீட்டும். மோட்டார் வாகனச் சட்டம் 194(1ஏ) பிரிவின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிச் சுமை வெளியே நீட்டினால் அபராதம் ரூ.20,000, இறக்கும் செலவும் நம்ம தலையில். 17 அடி லாரியை வாடகைக்குப் பிடிப்பது அதைவிட மலிவாக முடியலாம். சிறுவர்கள் ஓட்டும் 'ஆப்டிமிஸ்ட்' படகு என்றால் கவலையில்லை: சுமார் 2.3 மீட்டர், 35 கிலோ. பிக்கப் வேன் போதும்.

இல்காவைக் கவிழ்த்து வைத்து ஏற்றுவது நல்லது. எடை தளத்தின் நடுவில் இறங்காமல் இரு ஓரங்களிலும் தாங்கும்படி பழைய டயரோ மெத்தையோ கொடுங்கள். பெல்ட்டை ரொம்ப இறுக்கினால் ஃபைபர் விரிசல் விடும். பத்து கிலோமீட்டர் போனதும் வண்டியை நிறுத்தி, தளர்ந்திருக்கிறதா பாருங்கள்.

முதல் நாள் ஒரு மணி நேரம் கரையோரமாக ஓட்டிவிட்டு வந்து, பின்பக்க அடைப்பானைக் கழற்றிப் படகைச் சாயுங்கள். ஒரு டம்ளர் தண்ணீர் வந்தால் பரவாயில்லை. பக்கெட் நிறைந்தால், பாயைச் சுருட்டி வைத்துவிட்டு மறுபடி அந்தக் குழாயில் இருந்து தேட ஆரம்பியுங்கள்.