ஆய்தல் என்னும் சொல்

ஆய்த எழுத்துக்கு அப்பெயர் எவ்வாறு வந்தது என மாணவியர் வினவும்போதெல்லாம், “கேடயத்தில் உள்ள மூன்று புள்ளி போன்றது, ஆயுதம் ஆதலின் ஆய்தம்” என்று பல ஆண்டுகள் விடை கூறி வந்தேன். எனக்கு என் ஆசிரியர் கூறியது அது. அவருக்கு அவர்தம் ஆசிரியர் கூறியிருக்கலாம். தொல்காப்பிய உரியியலை நூற்பா நூற்பாவாகப் பாடஞ் சொல்ல நேர்ந்த ஆண்டில்தான் அவ்விடையில் எனக்கே ஐயம் பிறந்தது.

ஓய்தல், ஆய்தல், நிழத்தல், சாய்தல் ஆகிய நான்கு சொற்களையும் ஒருங்கே நிறுத்தி, உள்ளது நுணுகுதல் என்னும் பொருளை அவற்றிற்குத் தருகிறார் தொல்காப்பியர். முன்னிருந்த அளவினின்றும் குறைந்து மெலிதல் என்பது கருத்து. இந்நான்கும் பிற்காலத்தில் வெவ்வேறு வழியிற் பிரிந்தன. ஓய்தல் இளைப்பாறுதலாயிற்று, சாய்தல் ஒருபுறம் சரிதலாயிற்று. மதுரைக்காஞ்சியில் யானைக்கு அடையாக வரும் நிழத்தல் வழக்கொழிந்தது. ஆய்தலோ, குறைதற் பொருளை அறவே இழந்து, தேர்தல், ஆராய்தல் என நின்றுவிட்டது. குறைவதற்கும் ஆராய்வதற்கும் என்ன உறவு?

விடை ஏட்டில் இல்லை, அடுக்களையில் இருக்கிறது. கீரை ஆய்தல் என இன்றும் சொல்கிறோம். பழுத்த இலையும் முற்றிய தண்டும் பூச்சி அரித்ததும் கழிய, முறம் நிறைந்த கட்டு ஒரு கைப்பிடியாகிறது. தேர்தலும் குறைதலும் அங்கே ஒரே தொழில். கன்னடத்திலும் இவ்வடி பொறுக்கியெடுத்தல் என்னும் பொருளில் வழங்குகிறது. அம்மொழியில் தெரிவுக்கு ‘ஆய்கெ’ என்பது பெயர். சங்கப் பாடல்களின் ஆயிழை, ஆய்தொடி என்பவற்றிற்கு ஆராய்ந்தெடுத்த அணி என்றும் நுண்ணிய அணி என்றும் இருவகையாகப் பொருள் கூற இடமிருப்பதும் இதனாலேயே. எதைக் கொள்வது என நாம் வழக்காடுகிறோம். அச்சொல்லுக்கு அவ்வழக்கே இல்லை.

என் முனைவர் பட்ட ஆய்வேட்டின் முதல் வரைவு எழுநூறு பக்கத்தைத் தாண்டிற்று. ஒரு திங்கள் வைத்திருந்து திருப்பித் தந்த நெறியாளர், “தொகுத்துவிட்டீர்கள் அம்மா, இனி ஆயுங்கள்” என்றார். அன்று அதனை எள்ளலாகவே கொண்டு விடுதி அறையில் அழுதேன். அவர் இலக்கணம் பேசினார் என்பது விளங்கப் பல்லாண்டு சென்றது.

ஆய்த எழுத்துக்கு வருவோம். குற்றெழுத்துக்கும் உயிரேறிய வல்லெழுத்துக்கும் இடையே அரை மாத்திரை அளவாய் மெலிந்தொலிப்பது அது. அவ்வாறு நுணுகிய ஒலியாதலின் ஆய்தம் எனப்பட்டது என்பாரின் கொள்கையே எனக்கு உடன்பாடு. அரை மாத்திரையும் போதாதென்று, கால் மாத்திரையாகக் குறுகும் ஆய்தக்குறுக்கத்தையும் நன்னூலார் வகுத்தார். குறைதலைப் பெயராகக் கொண்ட எழுத்துக்கு அதனினும் குறைந்ததொரு வடிவம்!

குறைதலுக்குரிய மற்றொரு பழஞ்சொல்லாகிய அஃகுதலிலும் இவ்வெழுத்தே அமர்ந்திருக்கிறது. வெஃகாமை அதிகாரத்தில் வள்ளுவர் அதனை இருமுறை ஆள்கிறார். செல்வத்தைப் பற்றிக் கூறுமிடத்தில் அது சுருங்குதல். அறிவைப் பற்றிக் கூறுமிடத்தில் அது நுண்மையுறுதல். பரிமேலழகரும் ஒன்றற்குச் சுருக்கம், மற்றொன்றற்கு நுண்மை என்றே பொருள் விரித்தார். ஒரே அதிகாரத்தில், ஒரே சொல், ஓரிடத்தில் இழப்பு, ஓரிடத்தில் பேறு. உழவு அதிகாரத்தில் ஒரு பலப் புழுதி காற்பலமாகக் காய்வதும் இங்கு நினைக்கத்தக்கது. அக்காற்பலத்திற்கு அவர் இடும் பெயர் கஃசு, அங்கும் ஆய்தம். இதனைத் தற்செயல் என்பார் என்னைப் பொறுத்தருள்க. கவிஞர் நிறைந்த அவையில் இவ்வளவேனும் சொல்லாமல் இருக்க இயலவில்லை.

அவ்வெழுத்தும் தேய்ந்தது. அஃது அது ஆயிற்று. இருபஃது இருபது ஆயிற்று. ஒன்பஃது ஒன்பது ஆயிற்று. எஃகு ஒன்றே பேச்சில் உறுதியாய் நிற்கிறது. மற்றபடி இன்று என் மாணவியர் தம் ஏடுகளில் ஆய்தத்தை மிகுதியும் இடுவது, பகரத்தின் முன்னே, பிறமொழிப் பெயர்களை எழுதும்போதுதான்.