111 பாட்டில்கள்... ஒரு நாற்காலி!

குடிச்சுட்டுத் தூக்கிப்போட்ட கூல்டிரிங்ஸ் பாட்டில் மேல ஜம்முனு உட்கார முடியுமா? முடியும் பாஸ்! அமெரிக்காவின் எமெகோ நிறுவனம், கோகோ கோலாவுடன் கைகோத்து 2010-ல் கொண்டுவந்த '111 நேவி' நாற்காலியைப் பாருங்க. ஒரு நாற்காலிக்குக் குறைந்தது 111 பழைய பெட் பாட்டில்கள். உறுதிக்காகக் கண்ணாடி இழையும் கலக்கிறார்கள்.

டிசைன் புதுசில்லை. 1944-ல் அமெரிக்கக் கடற்படைக்காக இதே நிறுவனம் செய்த அலுமினிய நாற்காலியின் வடிவம்தான். ஹால், மொட்டை மாடி... எங்கேயும் போடலாம், மழையில் நனைந்தாலும் துருப்பிடிக்காது.

ஆனா, மறுசுழற்சியில் செஞ்ச பொருளும் சீக்கிரம் உடைஞ்சா மறுபடி குப்பைதான். அடுத்த முறை நாற்காலி வாங்கும்போது 'எதுல செஞ்சது?'ன்னு மட்டுமில்ல, 'எத்தனை வருஷம் உழைக்கும்?'னும் கேளுங்க!